சத்தம் வந்து போனது

மண்ணூர் அம்சவல்லி சத்தத்துக்குப் பயந்தவள் இல்லை. ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பிரஸ் லைனில், தகடு அடிக்கும் சத்தத்துக்கு நடுவே வருஷக்கணக்காக நின்றவள். ஒருநாள் பக்கத்து ஷெட்டில் கம்ப்ரஸர் டேங்க் வெடித்தது. அவள்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அதன்பிறகு கதவைப் படாரென்று சாத்தினாலே நெஞ்சு அடைத்துக் கைகால் நடுங்கும். கேட்டு வாங்கிக்கொண்டு பேக்கிங்குக்கு மாறினாள். தீபாவளியன்று தலையணைக்குள் முகம் புதைத்துக் கிடந்தாள்.

ஸ்ரீஹரிகோட்டாவில் பெரிய ராக்கெட் ஒன்று கிளம்பப்போவது தெரிந்து, அதை நேரில் பார்க்க மகள் தென்றல் வீட்டில் மூவருக்குமே பெயர் பதிந்துவிட்டாள். அப்பாவும் மகளும் போவதாகத்தான் பேச்சு. கம்பெனி பஸ் ஓட்டும் வெங்கடேசனுக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை.

"நீதான் இட்டுக்கினு போவணும்" என்றான் மனைவியிடம்.

"இன்னா பேசற நீ? அங்கியே வுழுந்துட்டன்னா?"

தென்றல் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, துணியை வெளியே எடுக்கத் தொடங்கினாள். அதைப் பார்க்க அம்சவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"உள்ள வையிடி. போலாம்."

சூலூர்ப்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ். பார்வையாளர் கேலரியின் சிமென்ட் படியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டம் சேர்ந்து எண்ணி முடித்ததும் தூரத்து மரங்களுக்கு மேல் நெருப்பு எழும்பியது. வெள்ளைப் புகையின் நுனியில் ராக்கெட் நிமிர்ந்து ஏறியது. சத்தமே இல்லை.

"அவ்ளோதானா?" என்று கையை எடுத்தாள்.

அப்போதுதான் அத்தனை தூரம் கடந்து சத்தம் வந்தது. உட்கார்ந்திருந்த படி அதிர்ந்தது. விலா எலும்புக்குள் புகுந்து உருண்டது. எழுந்து ஓடத் தோன்றியது. மகளின் தோளை இறுக்கிக்கொண்டாள். கண்ணை மட்டும் மேலேயிருந்து எடுக்கவில்லை. "வெடிச்சிடாம போய்ச் சேரணும், வெடிச்சிடாம போய்ச் சேரணும்" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

ராக்கெட் மேகத்துக்குள் மறைந்தது. சத்தமும் தேய்ந்து அடங்கியது. எதுவும் உடையவில்லை; யாரும் அலறவில்லை. கொஞ்சநேரம் கழித்து, செயற்கைக்கோள் பத்திரமாகப் பிரிந்துவிட்டதென்று ஒலிபெருக்கி அறிவித்தது. கேலரியே எழுந்து கைதட்டியது. அம்சவல்லி உட்கார்ந்தபடியே அழுதாள்.

"பயந்துட்டியாம்மா?"

"பயந்தேன்டி. ஆனா ஒண்ணும் ஆவல பாரு!" அழுகையோடு சிரிப்பும் வந்தது. "எம்மாஞ் சத்தம்! ஒண்ணுமே ஆவல!"

திரும்பும் ரயிலில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பிறகு மகள் மடியில் தலை வைத்து, பெட்டியே சத்தமாக ராக்கெட் கதை பேசிக்கொண்டிருக்க, அயர்ந்து தூங்கிப்போனாள்.