வெள்ளையம்மாள் இடுப்பில் கட்டிய எடைக்கல்

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் புளி வாங்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வெள்ளையம்மாள் தராசு நூல் பிசகாது என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. புளியோ சாமையோ, எதை நிறுத்தாலும் முள் நட்டநடுவில் நிற்க வேண்டும் அவளுக்கு. அப்பேர்ப்பட்டவள்தான் ஆஸ்பத்திரித் தராசை ஏமாற்றினாள்.

போன ஐப்பசியில் மாரில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் அழிக்க, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. முதல் ஊசியன்று நாற்பத்து மூன்று கிலோ இருந்தாள். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் உடம்பு தாங்காது, ஊசியை நிறுத்திவிடுவோம் என்று நர்ஸ் அன்பரசி கறாராகச் சொல்லி, முட்டை, பால், பருப்பு, வேர்க்கடலை என்று அச்சடித்த சீட்டு ஒன்றையும் கையில் கொடுத்தாள்.

சீட்டு கூரையில் செருகப்பட்டது. மருந்து சாப்பிட்டால் பத்தியம் இருக்க வேண்டும், அதுகூடத் தெரியாத ஆஸ்பத்திரியா! போதாததற்கு மகன் ரஞ்சித் போனில் யாரோ பேசுவதைக் காட்டினான். கட்டிக்குத் தீனியே முட்டையும் பாலும் இனிப்பும்தானாம். பட்டினி போட்டால் கட்டி செத்துவிடுமாம். அன்றிலிருந்து காலையில் பப்பாளி இலைச் சாறு, மதியம் உப்பில்லாத சாமைக் கஞ்சி. கட்டி செத்ததோ இல்லையோ, வெள்ளையம்மாள் பாதி செத்தாள். வீட்டில் பதினோரு கோழி. அதுகள் இட்ட முட்டையெல்லாம் விற்பனைக்கு ஜீப்பேறி திருப்பத்தூருக்குப் போனது. முட்டை சாப்பிடச் சொன்ன சீட்டு மட்டும் மலையில் இருந்தது.

இரண்டாவது ஊசிக்கு முந்தின நாள் ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்தாள். முப்பத்தொன்பது. ஊசி நின்றால் கட்டி திரும்பி வந்துவிடும், வந்தால் போய்ச்சேர வேண்டியதுதான் என்று அவளுக்கு அப்படியொரு பயம். பேசாமல் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றித் தின்றிருக்கலாம். அதை விட்டுவிட்டு, புளி நிறுக்கும் இரண்டு கிலோ இரும்புக்கல் இரண்டைத் துணியில் முடிந்து, புடவைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி எடை மிஷின் நாற்பத்து மூன்று காட்டியது. ஊசி ஏறியது. அப்புறம் வாயெல்லாம் புண்ணாகி, ஒரு வாரம் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை.

ரஞ்சித்துக்கோ பெருமை தாங்கவில்லை. எல்லாம் இலைச்சாறு செய்த வேலை என்று கண்டவர்களிடமெல்லாம் அளந்தான். பெற்ற மகனிடமும் அவள் உண்மையைச் சொல்லவில்லை.

மூன்றாவது ஊசிக்கு முப்பத்தெட்டு. அதனால் கூட ஒரு கிலோ கல். ஐந்து கிலோ இரும்போடு மூச்சு வாங்க மிஷினில் ஏறினாள். அதே நாற்பத்து மூன்று. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அன்பரசி கேட்க, வரிசை முழுக்கக் காதில் விழும்படி ரஞ்சித் இலைச்சாற்றின் மகிமையை எடுத்துவிட்டான். அன்பரசி முகத்தைச் சுளித்தாள். ஆனால் மிஷினே காட்டும்போது அவள்தான் என்ன சொல்வாள்?

அடுத்து ஏறியவள் கண்ணமங்கலத்துப் பச்சையம்மா. போன தடவையைவிட ஆறு கிலோ குறைச்சல். ஊசி கிடையாது, சாப்பிட்டுத் தேறி வா என்று சொல்லிவிட்டார்கள். அவள் நேராக வந்து வெள்ளையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தச் சாறு எப்டி போட்றதுன்னு சொல்லுக்கா. இன்னையிலேர்ந்து சோத்த வுட்டுட்றேன். எம் பொண்ணுக்கு ஆறு வயசுதான் ஆவுது."

உண்மையைச் சொன்னால் வெள்ளையம்மாளின் ஊசி போச்சு. சொல்லாவிட்டால் இந்த மகராசி ஒரு மாசம் தாங்கமாட்டாள். புளியில் ஒரு கொட்டை கிடந்தால்கூடப் பொறுக்காத அந்தப் பாழாய்ப்போன புத்தி இப்போதா வந்து தொலைக்க வேண்டும்? எழுந்து போய், இடுப்பு முடிச்சை அவிழ்த்து, மூன்று கல்லையும் அன்பரசியின் மேஜையில் வைத்தாள்.

"இதான் நான் சாப்ட்டது."

ரஞ்சித் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தான். அன்பரசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எடைய வச்சிதாங்க மருந்தே அளந்து போட்றோம். போன தடவ இரும்புக்கும் சேத்து ஏத்திகினு போயிருக்கீங்க."

இரண்டு பேருக்கும் அன்று ஊசி இல்லை. ஆளுக்கொரு சீட்டோடு திரும்பினார்கள். அடுத்த இரண்டு வாரம் முட்டை ஒன்றுகூட ஜீப்பேறவில்லை. ரஞ்சித் தானே அவித்து, குழைந்த களியில் பிசைந்து கொடுத்தான். வாய்ப்புண் எரிய எரிய, அவனைத் திட்டிக்கொண்டே விழுங்கினாள்.

திரும்பப் போனபோது அன்பரசி அவள் புடவையை உதறிக் காட்டச் சொன்னாள். அப்புறமும் நம்பாமல் இரண்டு தடவை ஏற்றி இறக்கினாள். நாற்பது கிலோ நூறு கிராம். ஊசி உண்டு.

மேஜையில் அந்த மூன்று கல்லும் இருந்தன. ஃபேன் காற்றில் சாப்பாட்டுச் சீட்டுகள் பறக்காமலிருக்க அந்தக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. புளி உலுக்கும் காலம் வந்துவிட்டது, கல் வேண்டும் என்று தயங்கிக் கேட்டாள் வெள்ளையம்மாள்.

"ஆறாவது ஊசி முடியட்டும். நீங்களே வந்து எடுத்துகினு போங்க."

வெள்ளையம்மாள் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வர்றேன்" என்றாள்.