தம்பியின் தொட்டிக்கு நான் தேர்ந்த மீன்

என் தம்பியின் பவளத் தொட்டிக்கு ஆகாத மீனை, ஆகாது என்று தெரிந்தே, நான்தான் வாங்கச் சொன்னேன்.

எர்ணாவூரில் எங்களுக்கு ஒரே வீடு. கீழே தம்பியும் அவன் மனைவியும், மாடியில் நான். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். ஓய்வுக்குப் பிறகு கூடத்தில் ஓர் உப்புநீர்த் தொட்டி வைத்து, வெளிநாட்டிலிருந்து வரும் மென்பவளங்களை வளர்த்தான். அவை விரல் விரித்து அசைவதைப் பார்க்கத் தெருவே வந்து போகும். விடுமுறைக்கு வரும் என் பேரப்பிள்ளைகள்கூட மாடி ஏறுவதில்லை. அது எனக்கு உறுத்தியது.

ராயபுரத்துக் கடையில் இரண்டு ஏஞ்சல் மீன்கள் இருந்தன. ஒன்று வெளிறிய நிறம், பிளந்த வால். தூவிய இரையை நடுத்தண்ணீரிலேயே பிடித்துத் தின்றது. கல் பக்கம் போகவில்லை. அந்த இனம் பவளத்தை அநேகமாகத் தொடாது. மற்றது கருநீலத்தில் வெள்ளை வளையங்கள் போட்ட குஞ்சு. இரை மிதக்கும்போதே கல்லைக் கொத்திக்கொண்டிருந்தது. வளர்ந்தால் ஒரு சாண் தாண்டும், பவளத்தையும் விட்டுவைக்காது. தம்பிக்கு அந்த வளையங்கள் பிடித்துவிட்டன.

"நீயே சொல்லுண்ணா" என்றவன், கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஆனா இவரு பார்த்த மீனெல்லாம் பாட்டில்ல ஊறிக்கினு இருந்தது பாய்."

இருவரும் சிரித்தார்கள்.

"வாங்கு. ஒண்ணும் பண்ணாது" என்றேன். பாய் ஏதோ சொல்ல வந்தார். படித்தவர் சொன்ன பிறகு எதற்கு என்று விட்டுவிட்டார்.

சில வாரங்களில் பவளங்கள் சுருங்கின. எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் முதலில் காற்றைத்தான் சந்தேகிப்போம். அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் உர ஆலையின் அமோனியா வாடைக்கும் பழகியவர்கள். தம்பி ஜன்னல்களை அடைத்தான், தண்ணீரை மாற்றினான். அதற்கும் சரியாகாமல் போகவே, மனைவி அடிக்கும் கொசு மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டினான். தினமும் திட்டு. அவள் மருந்தை நிறுத்தினாள், ஊதுவத்தியை நிறுத்தினாள், கடைசியில் கூடத்துக்கு வருவதையே நிறுத்திச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாடிக்கு எல்லாம் கேட்கும். மீன் கொத்துவதையும் நான் கண்ணால் பார்த்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் அவள் மாத்தூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றுதான் மீன் விஷயத்தைத் தம்பியிடம் சொன்னேன். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே? திட்டு வாங்கினது அவ."

கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அந்த மீனைப் பிடித்தோம். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து, பிளந்த வால் மீனை நானே வாங்கி வந்தேன். பிறகு மாத்தூர் போனேன். நான் சொன்னதையெல்லாம் அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மேல இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கினுதான மாமா இருந்தீங்க?"



பிறகு அவள் திரும்பி வந்தாள். பவளங்களில் இரண்டு மட்டும் துளிர்த்தன. புது மீன் அவற்றைச் சீண்டாமல் நடுத்தண்ணீரில் திரிகிறது. வந்து பார் என்று தம்பி அவளைக் கூப்பிடுவது கேட்கிறது, அவள் போவதில்லை. எனக்குச் சாப்பாடு வேளை தவறாமல் வருகிறது. முன்பெல்லாம் தட்டோடு மேலே வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஊர்க்கதை பேசுவாள். இப்போது படியிலேயே மூடி வைத்துவிட்டு இறங்கிவிடுகிறாள்.