கூட்டமில்லாத ஒரு மழை நாள்

ஆரியசாலைக் கடைத்தெருவில் விடியற்காலை என்பது லாரியிலிருந்து வற்றல் மூட்டைகள் 'தொம், தொம்' என்று தரையில் விழுகிற சத்தம்தான். அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியிலேயே எங்கள் வீடு இருந்ததால், ஒவ்வொரு மூட்டைக்கும் கட்டில் லேசாக அதிரும். மிளகாய் நெடி மூக்கில் ஏறும். எனக்கு அது பழகிப்போயிருந்தது. என் தங்கை கனகாவுக்குப் பழகவே இல்லை. முதல் மூட்டை விழுந்ததுமே இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் ஒண்டிக்கொள்வாள். லாரி போய் வெகுநேரம் ஆன பிறகும் வெளியே வரமாட்டாள்.

அவளுக்குப் பேச்சு குறைவு. தலையில் தண்ணீர் ஊற்றினால் வீறிடுவாள். ஆனால் வாளித் தண்ணீரில் கையைவிட்டு அளைந்துகொண்டே ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். அதற்கு இன்று டாக்டர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் அன்று அதற்கு இருந்த பெயர் 'ஒரு மாதிரி' என்பதுதான். "அந்தப் பிள்ளை ஒரு மாதிரியாக்கும்" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் புதிதாக வருகிறவர்களிடம் தணிந்த குரலில் சொல்வார்கள்.

தொண்ணூறுகள் முடிகிற காலம் அது. நகரத்துக்கு வடக்கே, மேடும் பள்ளமுமாக ரப்பர் மரங்கள் நிற்கிற பக்கத்தில் ஒரு 'வாட்டர் தீம் பார்க்' வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் போய்வந்தவர்கள் போகாதவர்கள் என்று இரண்டு கட்சியே உண்டாகிவிட்டது. நான் அம்மாவை நச்சரித்தேன். தண்ணீர் என்றால் கனகாவுக்கும் பிடிக்குமே என்று அம்மாவும் நினைத்தாள். கடை அடைக்கிற நாட்கள் குறைவு என்பதால், அப்பா ஓணம் விடுமுறையில் போகலாம் என்றார்.

ஓணத்துக்கு ஊரே அங்கே வந்திருந்தது. வாசலிலேயே செண்டைமேளம், கம்பத்துக்குக் கம்பம் கட்டிய ஒலிபெருக்கிகளில் பாட்டு, எங்கே திரும்பினாலும் ஈர உடம்புகளும் விசில்களும். கனகா உள்ளே நுழைந்த மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தாள். தூக்கப்போன அப்பாவின் கையைக் கடித்தாள். சுற்றி ஒரு வளையமாகக் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. "இதுபோலுள்ள பிள்ளையை வீட்டில இருத்தீட்டு வரப்படாதா?" என்று யாரோ ஒரு அம்மாள் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் ஒரு துளித் தண்ணீரில்கூட நனையாமல் அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அப்பா, கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு, "இனி இவளைக் கூட்டிட்டு ஒரு இடத்துக்கும் போகாண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா கோபத்தில் சொல்வதெல்லாம் சாயங்காலத்துக்குள் மாறிவிடும். இப்படிச் சொன்னது மாறாது.

அம்மா கனகாவை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பி நடந்தாள். டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண்ணிடம் குனிந்து எதையோ கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன கேட்டாள் என்று என்னிடம் சொன்னாள். "இங்க ஆளே வராத நாள் எதுன்னு கேட்டேன். அந்தப் பிள்ளை சிரிச்சுட்டா. பத்துப் பேர் கேட்கிறது நல்ல நாள் எதுன்னாக்கும், சேச்சி மட்டும்தான் இப்படிக் கேட்கறதுன்னு சொன்னா." அந்தப் பெண் சொன்ன பதில் இதுதான்: ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு, நல்ல மழை பிடித்திருக்கும்போது, சனியும் ஞாயிறும் அல்லாத ஒரு நாள்.

அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தாண்டினாள். கோடை விடுமுறையையும் தாண்டினாள். ஜூனில் மழை பிடித்ததும் ஒரு ராத்திரி சோறு போடும்போது பேச்சை எடுத்தாள்.

"மழையத்து யாராவது தண்ணியில குளிக்கப் போவாளா?" என்றார் அப்பா.

"யாரும் போகமாட்டா. அதுக்குத்தான் நாம போறோம்."

"காய்ச்சல் வந்தா?"

"வந்தா கஞ்சி வச்சுத் தாரேன். அவ இந்த மாடியிலேயே இருந்து வளரணும்னா சொல்லுங்க, நான் இனி கேட்கமாட்டேன்."

அப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, "மழைக்கு லோடும் கொறவாக்கும்" என்றார். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

என் வகுப்பு டீச்சரிடம் அம்மா காய்ச்சல், கல்யாணம் என்று எந்தப் பொய்யும் சொல்லவில்லை. பார்க்குக்குப் போகிறோம் என்றே சொன்னாள். "இந்த மழையத்தோ?" என்று டீச்சர் வாயைப் பிளந்தார்.

மறுநாள் பஸ்ஸில் மழைக்காக ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த அரையிருட்டு கனகாவுக்குப் பிடித்திருந்தது. பார்க்கில் எங்களைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. டிக்கெட் ஜன்னலில் அதே பெண்தான் இருந்தாள். அம்மாவை அடையாளம் கண்டு எழுந்தே நின்றுவிட்டாள். ஆனால் நாங்கள் உள்ளே காலெடுத்து வைத்த உடனே, ஆள் வந்துவிட்டது என்று யாரோ ஒலிபெருக்கியைப் போட்டார்கள். கனகா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா என்னைப் பார்த்து, "வா மக்களே, போவோம்" என்றார்.

அம்மா மட்டும் நேரே பாட்டுப் போடுகிற அறைக்குப் போனாள். அங்கிருந்தவர் தயங்கினார், சாரிடம் கேட்கவேண்டும் என்றார். பிறகு ஜன்னல் வழியாக எட்டிக் கனகாவைப் பார்த்தார். "வேற ஆரும் இல்லல்லோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அணைத்துவிட்டார். மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நேரத்தில் கனகா ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் இன்னொன்றிலிருந்தும்.

அங்கே வாய்க்கால் மாதிரி வட்டமாக ஓடுகிற ஒரு நீரோட்டம் இருந்தது. ரப்பர் டியூபில் உட்கார்ந்தால் அதுவே மெல்ல இழுத்துக்கொண்டு போகும். அப்பா பார்க்கில் வாடகைக்குக் கொடுத்த நைலான் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, வெட்கத்தில் குறுகி வந்தார். வேட்டி இல்லாத அப்பாவை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். கனகாவை மடியில் வைத்துக்கொண்டு டியூபில் உட்கார்ந்தார். தலையில் ஒரு செம்புத் தண்ணீர் விழுந்தால் வீட்டை இரண்டாக்குகிறவள், அன்று முகத்தை வானத்துக்குத் தூக்கி, மழையை வாங்கிக்கொண்டு, மிதந்து போனாள். ஒரு சுற்று முடிந்ததும் அப்பாவின் கையைத் தட்டி, "இன்னும்" என்றாள். அப்பா இன்னும் போனார். அப்புறம் இன்னும். கரையில் நின்ற எனக்கு அப்பாவின் முகத்தில் வழிந்தது மழை மட்டும்தானா என்று தெரியவில்லை.

அந்த நாள் எனக்கும் கிடைத்த நாள் என்பதைச் சொல்லவேண்டும். இப்படி ஒரு தங்கை இருக்கிற வீட்டில் அக்காவுக்கு எதுவும் தாமதமாகத்தான் கிடைக்கும். அன்று பெரிய சறுக்கில் எனக்கு வரிசை கிடையாது. இறங்கியதும் ஓடிப்போய் மறுபடி ஏறினேன். அம்மாவும் ஒரு தடவை என் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் "எம்மோ, எம்மோ" என்று கத்திக்கொண்டே வந்து தண்ணீரில் விழுந்து, எழுந்து, முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்கச் சிரித்தாள். அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் தூரத்தில் மின்னல் வெட்டியது. மின்னும்போது எல்லோரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றவேண்டும் என்பது அங்கே விதி. காவலுக்கு நின்ற இளைஞர் விசிலை வாயில் வைத்தார், கனகாவைப் பார்த்தார், விசிலை எடுத்துவிட்டார். மழையில் நனைந்தபடி கரையோரமாகவே அப்பாவும் கனகாவும் இருந்த டியூபுடன் கூட நடந்து, குனிந்து, "மோளே, வா" என்று கையை நீட்டினார். யாரிடமும் கைகொடுக்காத கனகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அடுத்த வாரமே அப்பா கனகாவைக் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துச் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பிறகு மிருகக்காட்சிசாலைக்கு. எங்கள் வீட்டில் எங்கே போகலாம் என்ற கேள்வி போய், எப்போது போகலாம் என்ற கேள்வி வந்தது. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மழை நாள் பார்க்குக்கு என்று ஆனது.

இப்போது ஆரியசாலைக் கடை வேறு ஒருவரிடம் இருக்கிறது. அப்பா இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் வெளியே வருவதில்லை. நான் நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கனகா என்னோடு இருக்கிறாள். ஆளில்லாத அந்த மழை நாட்களும் போய்விட்டன. போன ஜூனில் நானும் கனகாவும் ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது, பார்க் வாசலில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரே மாதிரி பனியன் போட்ட ஆபீஸ்காரர்கள் மழையிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழைய ஓணம் நினைவுக்கு வந்தது. கனகா பக்கம் திரும்பினேன்.

அவள் வாசலுக்கு வெளியே நின்று கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கத்தவில்லை, உட்காரவில்லை. என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்து, "இன்னைக்கு வேண்டாம், அக்கா. நாளைக்கு" என்றாள்.

காரில் ஏறியதும் அம்மாவுக்கு போன் செய்து அதைச் சொன்னேன். அம்மா, "அப்போ நாளைக்கும் லீவு போட்டுடு" என்றாள்.