நான் ஒப்பாரி வைத்த நாடகம்

குன்னூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாட்டு நாடகம். அதில் என் மகளுக்குத்தான் பெரிய வேஷம். டவுனில் ஆபீஸ் வேலைக்குப் போனவள் அங்கே ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருந்தாள். எங்களைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அவள் ரொம்ப யோசித்தது எனக்குத் தெரியும். எங்கள் எஸ்டேட் வீட்டு வரிசைகளில், கீழ் லயத்தில் நான் பேசினால் மேல் லயத்திலிருந்து பதில் வரும், அப்படியொரு தொண்டை எனக்கு.

கடைசியில் கூப்பிட்டாள். கூடவே சட்டமும் போட்டாள்.

"போனை ஆஃப் பண்ணிரும்மா. பேசக் கூடாது. என்னைக் கூப்பிடக் கூடாது. மத்தவங்க கை தட்டினா மட்டும் தட்டு. எங்க ஆபீஸ்காரங்க எல்லாம் வர்றாங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் பயம்தான். முதல் தடவை மேடை ஏறுகிறாள், என்னால் அவள் தலைகுனியக் கூடாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் எஸ்டேட்டில் மாசியில் ஆடும் காமன் கூத்து. அங்கே யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார்கள். காமன் எரிந்து ரதி அழும்போது பெண்களெல்லாம் சேர்ந்து ஒப்பாரி வைப்போம். கூத்தானாலும் சாவு சாவுதான். ஒருத்தியைத் தனியாக அழவிடுவது எங்கள் வழக்கமில்லை.

இங்கே விளக்கை அணைத்ததும் ஈ பறந்தால் கேட்கும். மேடையில் எல்லாவற்றையும் பாடினார்கள். டீ வேண்டுமா என்பதைக்கூட ராகம் போட்டுத்தான் கேட்டார்கள்.

"சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்களா?" என்று என் வீட்டுக்காரர் காதைக் கடித்தார். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி அவரை அடக்கினேன்.

மகள் வந்தாள். பாடினாள். இந்தக் குரலை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று பூரித்துப்போனேன். கதையில் மழை கொட்டியது, மண் சரிந்தது, அவள் புருஷன் அதில் செத்துப்போனான். பிணத்தைக் கிடத்திவிட்டு மற்றவர்கள் எல்லோரும் விலகிப் போய்விட்டார்கள். அவள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாடி அழுதாள். ஒரு பெண்கூடத் தோளைத் தொடவில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"மண்ணு சரிஞ்சிருச்சே என் மகளே, உன் மஞ்சள் அழிஞ்சிருச்சே!"

அது என் குரல்தான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. செத்துக் கிடந்தவன் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். மகள் சட்டென்று போர்வையை அவன் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தாள். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் வெளியே வந்து ஓரமாக நின்றேன். மகள் மை வழிந்த முகத்தோடு நேராக என்னிடம் வந்தாள்.

"அது நடிப்பும்மா."

"தெரியும் புள்ள. நடிப்புன்னாலும் நீ தனியா அழுதியே."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் ஆபீஸ்காரர்கள் நடுவில் நிறுத்தினாள்.

"எங்கம்மா. அழுதது இவங்கதான்."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கும் நாடகம் இருக்கு, வந்துரு. ஆனா நான் மொத அடியப் பாடி முடிச்சப்புறம் ஆரம்பி."