சவரிமுத்து பொறுமைசாலி அல்ல

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது சவரிமுத்துவின் மைத்துனர் பள்ளிவாசல் படியருகே நின்றிருந்தார். "பாய், மாமா போய்ட்டாரு. காலைல மூச்சு அடங்கிடுச்சு" என்றார். சாவுச் செய்தி கேட்டால் சொல்ல வேண்டிய வார்த்தைகள்கூட உடனே என் வாயில் வரவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டது.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில், தோல் பதனிடும் எங்கள் ஷாப்பு மேனேஜர் பேசினார். "ஒருநாள்கூட முணுமுணுக்காத மனுஷன். அந்தப் பொறுமை யாருக்கு வரும்?" என்றார். அடக்கத்துக்கு வந்திருந்த நீங்கள் பலரும் தலையாட்டினீர்கள். சவக்குழி அருகே சண்டை போடக்கூடாது என்று அடக்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சவரிமுத்து முணுமுணுக்கவில்லை என்பது உண்மைதான். அவர் கத்தினார்.

சொந்த ஊரான ஆலங்காயத்திலிருந்து ஆம்பூருக்கு வந்த புதிதில், ஆவாரம்பட்டைக் கட்டு இரண்டை ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டு பாடியபடியே நடப்பார். தோல் பதனிட அந்தப் பட்டையை இடித்துச் சலிக்கும் கொட்டகையில் அவருக்கு வேலை. பக்கத்துக் கொட்டகையில் தோல் தரம் பிரிப்பது என் வேலை. இரண்டொரு வருடத்தில் அவருக்கு இழுப்பு வந்தது. "இன்னா பாய், என் நெஞ்சு விசிலடிக்கிறது அங்க கேக்குதா?" என்று சிரிப்பார். கல்யாணம், பண்டிகை என்று ஆலங்காயம் போனால் சில நாளில் மூச்சு தெளிந்துவிடும். திரும்பி வந்து உலக்கையைத் தொட்டதும் விசில் தொடங்கிவிடும். இது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் மட்டும் "பரம்பரை வியாதி" என்பார். "எங்கப்பா இன்னும் மலை ஏறி எறங்குறாருங்க" என்று சவரிமுத்து சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இடித்த தூள் காற்றில் பறந்து வீணாகிறதென்று அந்தக் கொட்டகைக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். ஒருநாள் முற்றத்தில் எல்லோர் முன்பும் சவரிமுத்து மேனேஜரை மறித்துக் கேட்டார்: "தூள் வெளிய போனா நஷ்டம்னு கதவச் சாத்துறீங்க. என் நெஞ்சுக்குள்ள போறது நஷ்டமில்லையா?"

"இஷ்டமிருந்தா இரு. இல்லேன்னா போ."

சவரிமுத்து போகவில்லை. உலக்கையால் கீலை நெம்பிக் கதவைப் பெயர்த்து முற்றத்தில் எறிந்தார். அன்று மதியம்வரை கொட்டகையில் காற்று ஓடியது. உள்ளே இருந்தவர்கள் முகத்தில் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டு வேலை செய்தார்கள். மதியம் அவரை வெளியே அனுப்பினார்கள். அந்த இடத்தில் வேறு ஆள் நிலைக்காததால் சில வாரத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே, வந்தார். அதற்குள் முன்னதைவிடக் கனமான கதவு போட்டிருந்தார்கள். இதைத்தான் மேனேஜர் பொறுமை என்கிறார்.

இழுப்புக்கென்று அவர் பிடித்துவந்த ஊமத்தை இலைப் புகைக்கும் அது அடங்காமல் போனபின் அவரை வேலூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து மறுபடி நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். விசில் குறைந்திருந்தது, நிற்கவில்லை. "வருஷக்கணக்கா தூசி பட்டுப் பட்டு மூச்சுக்குழாய் உள்ளே வீங்கித் தடிச்சுப்போச்சு. மருந்துக்குக் கொஞ்சம் விரியும். முழுசா இனிமே திறக்காது."

"வேலைய உட்டுட்டா?" என்று கேட்டேன்.

"முன்னாடியே விட்டிருக்கணும்."

"முன்னாடியே கதவத் தொறந்திருக்கணும்" என்றார் சவரிமுத்து. எந்தக் கதவு என்று டாக்டருக்குப் புரியவில்லை.

அதன்பின் வேலையை விட்டு ஆலங்காயம் போனார். இந்த முறை மாதக்கணக்கில் இருந்தும் மூச்சு தெளியவில்லை. நான் பார்க்கப் போனபோது முழங்கால்மேல் கையை ஊன்றிக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். கிணற்றடிவரை நடக்க முடியவில்லை. "முன்னெல்லாம் இந்தக் காத்து பட்டாலே போதும் பாய். இப்பவும் காத்து இருக்குது. உள்ள போக வழியில்ல" என்றார். மலையே தெரியும் அந்த வெட்டவெளியில் ஒரு மனிதன் காற்றுக்குத் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். என்னிடம் பொறுமையைப் பற்றிப் பேசாதீர்கள்.

கடைசியாக, அவர் திரும்பி வந்தபின் ஆம்பூர் வீட்டில் பார்த்தேன். அவர்கள் சபைப் பெரியவர் ஒருவர் ஜெபித்துவிட்டு, "எல்லாம் கர்த்தர் சித்தம், சவரி" என்றார். சவரிமுத்து கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். இரண்டு வார்த்தை சொல்ல நாலு மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. "சித்தம் இல்ல... தூசி." பெரியவர் போனபின் என் கையைப் பிடித்தார். "நான் இன்னாத்தால செத்தேன்னு... கேட்டா... மாத்திச் சொல்லாத பாய்."

மாற்றிச் சொல்ல மாட்டேன். சவரிமுத்து பரம்பரை வியாதியால் சாகவில்லை. விதியால் சாகவில்லை. பட்டைத் தூசியால் செத்தார், சொல்லியும் கேளாதவர்களால் செத்தார். அவர் என்னிடம் விட்டுப்போனது தூசி என்ற அந்த ஒரு சொல்தான். அவர் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஆள் நேற்று இருமிக்கொண்டே வெளியே வந்தார். அவரை நிறுத்தி, சவரிமுத்து எதனால் செத்தார் என்று முதலில் அவரிடம் சொன்னேன்.