மூன்று வோல்ட்டில் படுத்துக்கொண்ட பிஸ்கட் டப்பா

எடெல்மிரா யௌரியைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், திமிர் பிடித்தவள் என்றுதான் முதலில் சொல்வேன். சந்தையில் என் உருளைக்கிழங்குக் கடைக்கு அடுத்த கடை அவளுடையது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ரேடியோ எதைக் கொடுத்தாலும் பழுது பார்ப்பாள். ஐம்பத்திரண்டு வயது. ஆள் ஐந்தடிகூட இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் கோழிக்கடை வரைக்கும் கேட்கும். அவளோடு சண்டை போடாத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஊரையே ஆடவைக்கிற கும்பியாப் பாட்டு வாசிக்கும் எங்கள் குழுவில் நான் பாஸ் கிட்டார். அவள் பதினொரு வருடமாக இரண்டாம் கிட்டார். அதாவது பின்வரிசையில் நின்று சக்கு சக்கு என்று தாளம் போடுகிற வேலை. பிப்ரவரியில் முதல் கிட்டார்க்காரன் மகளைத் தேடிக்கொண்டு சிலி நாட்டுக்குப் போய்விட்டான். பாடகரும் தலைவருமான அபுந்தியோ அவளுடைய அக்கா புருஷன். வேறு வழியில்லாமல், "நம்ம ஊர் ஆண்டுவிழா வரைக்கும் நீ முதல் கிட்டார் வாசி. அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அவள் விரலில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பெடலில். கும்பியாக் கிட்டார் என்றால் ஒலி சுழல வேண்டும், கேட்கிறவனுக்குத் தலை கிறுகிறுக்க வேண்டும். அதற்குக் காலால் மிதிக்கிற பெடல் தேவை. "கடைல வாங்குறதா? நானா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் தானே செய்துவிட்டாள். மூடியில் பூப்போல வரிசையாக ஓட்டைகள் போட்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். அழகுக்காம்.

ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, அம்மாடியோ! முதல் முறை மிதித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான்காவது பாட்டில் அது இருமியது, இழுத்தது, செத்தது.

ஒவ்வொரு ஒத்திகையிலும் இதே கதை. மறுநாள் காலை சந்தையில் அவள் சொருகிப் பார்த்தால் சமர்த்தாகப் பாடும். கெப்பாசிட்டரை மாற்றினாள். டயோடை மாற்றினாள். அடாப்டரையே மாற்றினாள். எங்கேயாவது ஈயம் சரியாகப் பற்றவில்லையோ என்று எல்லா இணைப்பையும் திரும்பச் சூடாக்கினாள். பலகையில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததை, பற்றவைக்கிற பிசின் என்று நினைத்துச் சுரண்டிப் போட்டாள். சாயங்காலம் ஒத்திகை. நான்காவது பாட்டு. மறுபடியும் சாவு.

"என்னடி, உன் பிள்ளை இன்னைக்கும் தூங்கிடுச்சா?" என்று நான்தான் அதிகம் கேலி செய்தேன்.

"யோவ் நிகானோர், உன் கிழங்கு அழுகுற வேகத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்பாள். ஆனால் கண் சிவந்திருக்கும்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு அபுந்தியோ முடிவாகச் சொல்லிவிட்டார். "மேடையில அது நின்னுச்சுன்னா வாஷிங்டன் ஏறிடுவான். நீ பழையபடி பின்னால போ. எம்மேல கோவிச்சுக்காத." வாஷிங்டன் அவருடைய நண்பர் மகன். புதுக் கிட்டார், புதுப் பெடல், புதுச் சட்டை. எடெல்மிரா டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி. எங்கள் குன்றுச் சரிவு ஜனம் முழுக்கக் கால்பந்துத் திடலில் கூடியிருந்தது. கோழி பொரிகிற வாசனை மூக்கைத் துளைத்தது. பியர்ப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முதல் மூன்று பாட்டுக்குக் கிழவர்களே துள்ளிக் குதித்தார்கள். ஒத்திகையில் போலவே மேடையிலும் எல்லோருக்கும் ஒரு பியர் பாட்டில், ஒரே கண்ணாடித் தம்ளர். ஊற்றுவது, குடிப்பது, மிச்ச நுரையைத் தரையில் உதறுவது, அடுத்தவனிடம் கொடுப்பது. உதறாமல் கொடுப்பவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள்.

நான்காவது பாட்டு. கிட்டார் இருமியது.

"ஐயையோ" என்றேன். கீழே வாஷிங்டன் கிட்டார் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

அபுந்தியோ மைக்கைப் பிடித்து வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். அது அவருக்குக் கைவந்த கலை. "மீன்கடைக் குடும்பத்துக்கு வணக்கம்! பதினாலாம் நம்பர் வண்டி ஓட்டுநர்களுக்கு வணக்கம்! ருஃபினா முடிதிருத்தகத்துக்கு வணக்கம்!" நடுவில் மைக்கைப் பொத்திக்கொண்டு, "எடெல்மிரா, ரெண்டு நிமிஷம்தான்!" என்று சீறினார்.

அவள் மண்டியிட்டு டப்பாவைத் திறந்தாள். மல்டிமீட்டர் முனையை உள்ளே வைத்தாள். "அடாப்டர் வாயில ஒன்பது வோல்ட் இருக்கு. உள்ளே மூணுதான் இருக்கு!" அடாப்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுப் பேட்டரியை மாட்டினாள். மறுபடியும் மூன்று. "அப்போ அடாப்டர் யோக்கியன். திருடன் உள்ளேதான் இருக்கான். எவனோ வழியிலேயே கரண்டைக் குடிக்கிறான், நிகானோர்!"

தம்ளர் அப்போது என் கையில் இருந்தது. பதற்றத்தில் ஒரே மடக்கில் குடித்தேன். கை பழக்கத்தில் நுரையை உதறினேன்.

நுரை நேராக அவள் பிடரியில் விழுந்தது.

அவள் அசையவில்லை. மெதுவாகக் கழுத்தைத் துடைத்து, விரலை முகர்ந்தாள். அப்புறம் டப்பாவைத் தூக்கி, உள்ளே இருந்த பலகையை நாக்கால் நக்கினாள். ஆமாம், இருநூறு பேர் பார்க்க நக்கினாள்.

"பியர்!" என்று கத்தினாள். "அடப்பாவி, இது பியருய்யா! ஒத்திகை ஒத்திகையா என் பெடலுக்கு ஊத்திக் கொடுத்திருக்கே! பூவோட்டை வழியா இறங்கி, ராத்திரியெல்லாம் காஞ்சு, காலைல ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கு!"

"நீதானே அழகுக்கு ஓட்டை போட்டே!" என்றேன். எனக்கும் ரோஷம் இருக்காதா?

"உனக்கு உதற வேற இடமே கிடைக்கலையா?" என்று அடாப்டர் வயரைச் சுழற்றிக்கொண்டு எழுந்தாள். நான் டிரம்மைச் சுற்றி ஓடினேன். அவள் துரத்தினாள். இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துத் திடலே கைதட்டியது. ஓடிக்கொண்டே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மூன்று மாதப் புதிர் அவிழ்ந்த சிரிப்பு அது.

"ஸ்பிரிட்! யாராவது ஸ்பிரிட் கொண்டாங்க! முடி உலர்த்துற மெஷினும் வேணும்!"

முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் பாட்டில் வந்தது. ருஃபினா அடுத்த சந்திலிருந்த தன் முடிதிருத்தகத்துக்கு ஓடி, உலர்த்தும் மெஷினோடு திரும்பினாள். பல் துலக்கும் பிரஷ் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எடெல்மிரா தேய்த்தாள், ருஃபினா சூடான காற்றை ஊதினாள், நான் பயந்துகொண்டே மல்டிமீட்டரைப் பிடித்தேன். மூன்று. ஐந்து. ஏழு.

அபுந்தியோ எல்லோருக்கும் வணக்கம் சொல்லித் தீர்த்துவிட்டு, திடலோரம் படுத்திருந்த நாய்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வாஷிங்டன் மேடைப் படியில் ஒரு கால் வைத்துவிட்டான்.

"ஒன்பது!" என்று என் தொண்டை கிழிந்தது.

அவள் மூடியை அமுக்கி, அதன்மேல் கோழிக்கடை பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, மிதித்தாள்.

என்னவென்று சொல்வேன்! ஒலி சுழன்று, ஏறி, எதிர்க்குன்றில் மோதித் திரும்பி வந்தது. முழுத் திடலும் ஒரே நேரத்தில் எம்பிக் குதித்தது. வாஷிங்டனும் குதித்தான், பாவம், புதுச் சட்டையெல்லாம் வியர்வை. ஒரு சுற்று வாசிக்க வேண்டிய இடத்தில் நான்கு சுற்று வாசித்தாள். அபுந்தியோ கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது சுற்று.

கிட்டார் தனியாகப் பேசும்போது வாசிப்பவர் பேரை மைக்கில் கூவுவது எங்கள் வழக்கம். பதினொரு வருடத்தில் அவள் பேரை அவர் ஒருநாளும் கூவியதில்லை. 'என் கொழுந்தியா, மிக்ஸி ரிப்பேர்' என்று சிரிப்புக்குச் சொல்வதோடு சரி.

அன்று தலையைச் சொறிந்தார். பிறகு மூச்சை இழுத்து, நரம்பு புடைக்கக் கூவினார்: "முதல் கிட்டார்... எடெல்மிரா... யௌரி!"

நான் அழுதேன். பாஸில் இரண்டு தப்பு விழுந்தது. விழட்டும்.