யாராவது இருக்கீங்களா?

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

கேட்டுவிட்டு ஒரிகாசா காத்திருக்கிறார். வலது கை மின்சாரக் குமிழின் மேல் இருக்கிறது. இன்னும் திருகவில்லை. அவருக்கு முன்னால் மேசையில், கட்டைவிரல் நீளத்துக்கு, பெட்டிகளை இழுத்துத் தள்ளிச் சேர்க்கிற ஒரு ஷண்டிங் எஞ்சின். ஒரு சாண் தள்ளி, தீப்பெட்டி அளவில் மூன்று சரக்குப் பெட்டிகள். எஞ்சின் போய்க் கொக்கி மாட்டி அவற்றை இழுத்து வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அறையில் இருக்கும் யாராவது "இல்லை, யாருமில்லை" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை அந்த எஞ்சின் அசையாது.

பதில் வந்ததும் "சரி, வர்றேன்" என்பார். குமிழ் திரும்பும். எஞ்சின் நகர்வதே தெரியாது. பக்கத்தில் நிற்கிற விளக்குக் கம்பத்தைப் பார்த்தால்தான் அது நகர்ந்திருப்பது புரியும். பெட்டியைத் தொடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஒரிகாசா மூச்சு விடுவார்.

கமினோஹாமா பொதுக்கூடத்தின் மாடியில் மாதத்தில் ஒரு ஞாயிறு பொம்மை ரயில் பிரியர்கள் நாங்கள் கூடுகிறோம். ஆளுக்கொரு பலகை கொண்டுவருவோம். அதில் தண்டவாளமும் அவரவர் ஊரும் இருக்கும். பலகைகளை மேசைகள்மேல் வைத்து ஒன்றோடொன்று கோத்தால் அறையைச் சுற்றி ஒரே ரயில் பாதையாகிவிடும். என் பலகையில் கடைத்தெரு. நான் சலவைக்கடை நடத்துகிறவள், அதனால் அங்கும் ஒரு சலவைக்கடை, வாசலில் காயும் வெள்ளைத் துணி. பல் மருத்துவர் ஹசுமி எங்கள் செயலாளர். அவருடைய பலகைகளில் உயரமான பாலம், அதன்மேல் பறக்கும் புல்லட் ரயில். ஒரிகாசாவின் பலகையில் இருப்பது ஒரு சரக்கு யார்டு. துருப்பிடித்த தண்டவாளம், எண்ணெய் மினுங்கும் குட்டை, சாயம் தோய்த்த மரத்தூளில் களை, ஒரு தகரக் கொட்டகை. மனித பொம்மை ஒன்றுகூடக் கிடையாது.

"ரெண்டு ஆளை நிறுத்தி வெச்சா உயிர் வந்துடுமே, ஒரிகாசா சான்" என்று ஒருமுறை சொன்னேன்.

"ஆள் வெச்சா அவங்களைக் கவனிக்கணும்ல" என்றார்.

அறுபதைத் தாண்டியவர். ஒல்லி. கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. இப்போது ஊர் எல்லையிலுள்ள பெரிய மளிகை அங்காடியில் வேலை. வாகன நிறுத்தத்தில் ஆங்காங்கே விட்டுப்போன தள்ளுவண்டிகளைச் சேர்த்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, நீளமான கோவையாகத் தள்ளிக்கொண்டு வருவார். அங்கேயும் தள்ளுவதற்குமுன் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். வாடிக்கையாளர்கள் ஏதோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

விரைவு ரயில், பயணி ரயில் எதிலும் அவருக்கு ஆசையில்லை. ஷண்டிங் எஞ்சின்கள் மட்டும்தான். அரிசி பிஸ்கட் வந்த தகர டப்பாவில் பஞ்சு விரித்து அவற்றைப் படுக்கவைத்துக் கொண்டுவருவார். துறைமுகத்தில் ஓடியது, காகித ஆலையில் ஓடியது, சுரங்கத்தில் ஓடியது என்று ஒவ்வொன்றும் ஒரு சாதி. கடையில் வாங்கியதை அப்படியே ஓட்டமாட்டார். கழற்றி, கூரைக்குள் ஈயத் துண்டு அடைத்து, சக்கரத்தைத் துடைத்து, புதுப்பெயின்ட்டின் மேல் அழுக்கேற்றுவார். பிறகு எடுத்து மற்றவர் கையில் கொடுத்துவிடுவார். தான் ஓட்டுவதைவிடப் பிறர் ஓட்டிப் பார்ப்பதில் அவருக்கு ருசி அதிகம். புதிதாக வருகிறவரிடமும் டப்பாவை நீட்டி, "எடுங்க. இதுல எந்தக் கழுதை பிடிச்சிருக்கு?" என்பார். பதறிப்போய்க் குமிழை முறுக்கினால், "மெதுவா, மெதுவா. அதுக்கே அவசரம் இல்லை, உங்களுக்கு என்ன?" என்பார். மற்றவர்கள் தங்கள் எஞ்சின் திக்குகிறது, தடுமாறுகிறது என்று அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அடுத்த மாதம் அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடும்.

'உள்ளே யாராவது இருக்கீங்களா' என்ற அந்தக் கேள்விதான் எங்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. நிஜ ஆலை ஒன்றில் நிஜ ஷண்டிங் எஞ்சின் ஓட்டியவர் என்பது தெரியும். யாரையோ நசுக்கிவிட்டார் என்று எங்களுக்குள் பேச்சு. ஒருநாள் அவர் கேட்டபோது ஹசுமி குரலைக் கீச்சென்று மாற்றி, "இருக்கேண்டா கண்ணா, இங்கதான் குளிக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஒரிகாசா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினார். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தார். மேசையைச் சுற்றித் தொங்கும் கறுப்புத் துணியை விலக்கி உள்ளே பார்த்தார். எல்லாம் முடிய அரைமணி ஆகியிருக்கும். அதன்பின் யாரும் விளையாடவில்லை.

ஒரு மழைநாளில் தன் சின்னக் காரில் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தார். அப்போது கேட்டேவிட்டேன்.

"யாரும் சாகலை, இகுதா சான்" என்றார். "எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்கன்னு தெரியும். அது உர ஆலை. கோடை மத்தியானம். கொடி காட்டினாங்க, பெட்டிகளைத் தள்ளினேன். பெட்டி மொத்தமும் கடந்து போன பிறகு பார்த்தா, தண்டவாளத்துக்கு நடுவுல ஒருத்தன் எழுந்து உக்கார்றான். நிழலுக்காகப் பெட்டிக்கு அடியில படுத்துத் தூங்கியிருக்கான். அவன் மேலேயே முழுசும் போயிருக்கு. மூஞ்சியெல்லாம் எண்ணெய். என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, 'இருக்கேண்ணே, இருக்கேன்'னு சிரிக்கிறான்."

"யாரு அவரு?"

"பெயின்ட் அடிக்க வந்த கூலி. சின்ன வயசு. மறுநாள் அந்தக் கூட்டமே வேற ஊருக்குப் போயிடுச்சு. பேர்கூடக் கேக்கலை."

"நல்லவேளை, பிழைச்சாரே."

ஒரிகாசா காரின் துடைப்பானைக் கொஞ்சம் வேகமாக்கினார்.

"செத்திருந்தா விசாரணை, தண்டனைன்னு ஏதாவது வந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கும். இது முடியவே மாட்டேங்குது" என்றார்.

இது நடந்து இரண்டு வருடம் கழித்து, ஜனவரியில், அந்த ஞாயிறு வந்தது. காலையிலிருந்தே பனி கொட்டியது. அடுத்த மாதம் ஊர்மக்களுக்காகக் கண்காட்சி வைத்திருந்தோம், அதனால் பனியையும் பார்க்காமல் சிலர் வந்திருந்தோம். யொனெமுரா வந்திருந்தார். பழைய தொலைக்காட்சிப் பழுதுக்காரர், எங்கள் பலகைகளின் வயரிங் எல்லாம் அவர் கைதான். பேசவே மாட்டார். சாப்பாட்டுக்கு முன் "ஃபியூஸ் வாங்கிட்டு வர்றேன்" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. பிறகு அவரை ஒருவரும் நினைக்கவில்லை. பனியில் மெதுவாகத்தானே வருவார்.

பனி பெய்யும்போது வெளியே சத்தங்கள் எல்லாம் அடங்கிவிடும். அடுப்பின் மேல் கெட்டில் மட்டும் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஹசுமி ஜன்னலோரம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார். ஒரிகாசா தன் புதிய எஞ்சினை என்னிடம் நீட்டினார். பாசிப்பச்சை நிறம், கதவோரம் சாயம் உரிந்ததுபோலத் தீட்டியிருந்தார்.

"முதல்ல நீங்கதான் ஓட்டணும்."

"நானா? இடிச்சுட்டா?"

"இடிக்கத்தானே அதைச் செஞ்சிருக்காங்க."

குமிழைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெட்டிகள் பக்கம் குனிந்து கேட்டார். "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்."

சன்னமான குரல். அலமாரிக் கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல. என் இடுப்பு உயரத்தில், அந்த மூன்று பெட்டிகள் நின்ற இடத்திலிருந்து வந்தது. என் கை தானாகக் குமிழைவிட்டு விலகியது.

ஒரிகாசா நிமிரவில்லை. "யாருங்க?" என்று கேட்டார்.

நான் ஹசுமியைப் பார்த்தேன். அவர் கன்னம் புடைக்கச் சோற்று உருண்டையை மென்றுகொண்டிருந்தார். "என்னை ஏன் பார்க்குறீங்க? வாய் நிறையச் சோறு. என்னாச்சு?"

"சத்தம் கேட்டுச்சு" என்றார் ஒரிகாசா. தண்டவாளத்துக்குப் போகும் மின்சார வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. அந்தப் பெட்டிக்குள்ள எறும்பு படுக்கலாம், மனுஷன் படுக்க முடியுமா? இருட்டுறதுக்குள்ள முடிச்சாகணும், ஒரிகாசா சான்."

"யாரோ இருக்காங்க. வண்டி நகராது."

பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். அவற்றில் ஒன்று கவிழ்ந்தது. பிறகு முழங்காலிட்டுக் கறுப்புத் துணியைத் தூக்கினார். தன் மேசைக்கு அடியில் ஒன்றுமில்லை. அடுத்த மேசை. என் கடைத்தெருவுக்கு அடியில். அதற்கடுத்தது. அறையைச் சுற்றி முழங்காலாலேயே நகர்ந்தார். நான் பின்னால் போனேன். பகலிலேயே அந்தத் துணிக்குள் அவ்வளவு இருட்டு. ஹசுமிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பேய்க்கும் சேர்த்து ஒரு சாப்பாடு சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஹசுமியுடைய பாலத்துக்குக் கீழே, அறையின் மறுகோடியில், துணியைத் தூக்கியதும் சாம்பல்நிறக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன.

யொனெமுரா ஒருக்களித்துக் கிடந்தார். கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கடைக்குப் போவதற்குமுன் எந்த ஃபியூஸ் என்று பார்க்க உள்ளே நுழைந்திருக்கிறார். ஹசுமி சாப்பாட்டுப் பெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்து நாடி பார்த்தார். ஆம்புலன்ஸ் பனியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தது. அவர்கள் யொனெமுராவைத் தூக்கிப் போனபின் ஹசுமி வாசலில் காலணி அலமாரி முன் நின்றார். யொனெமுராவின் ரப்பர் பூட்ஸ் அதன் இடத்தில் அப்படியே இருந்தது. "இதைத் தாண்டி எத்தனை தடவை போயிட்டு வந்தேன்" என்றார்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. முதலில் போனது பேச்சுதான். விழுந்ததிலிருந்து அவரால் ஒரு சொல்கூடச் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

ஹசுமி இன்றுவரை எல்லோரிடமும், "முனகியிருப்பார், அது இவங்க காதுல அப்படி விழுந்திருக்கு" என்கிறார். நான் தலையாட்டிவிடுவேன். யொனெமுராவின் மனைவி பழக்கூடையோடு ஒரிகாசாவைத் தேடிப் போய் நன்றி சொன்னபோது, "நான் காப்பாத்தலீங்க. நான் கேட்டேன், அவ்வளவுதான்" என்று கூடையை வாங்க மறுத்திருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து அங்காடியில் முள்ளங்கி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரிகாசா தள்ளுவண்டிகளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்களும் கேட்டீங்கதானே?"

"கேட்டேன்."

"சிரிச்சுக்கிட்டே சொன்னான், இல்ல?"

என் கைப்பை கனத்தது. அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. ஆமாம் என்று தலையசைத்தேன்.

ஒரிகாசா பனி மூடிய கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவனுக்கு வயசே ஆகலை" என்றார். பிறகு வண்டிகளின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தள்ளினார்.

ஜூன் மாதம் யொனெமுரா வந்தார். வலது கை சரியாக வரவில்லை, சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரிகாசா தகர டப்பாவை அவர் மடியிலேயே வைத்துவிட்டார். அவர் நெடுநேரம் பார்த்து அந்தப் பாசிப்பச்சை எஞ்சினைத் தேர்ந்தெடுத்தார். கலைந்து கிடந்த பெட்டிகளை வரிசைப்படுத்தும் ஆட்டம் வைத்தோம். ஹசுமி தன் புல்லட் ரயிலை நிறுத்திவிட்டு வந்து, தண்டவாளம் பிரியும் பாயின்ட்டை மாற்றி வழிவிட்டுக் கொடுத்தார்.

"அவ...சரம்... இல்லை" என்று யொனெமுரா அவரை அதட்டினார்.

"பேச்சு வந்ததும் முதல் திட்டு எனக்கா?" என்றார் ஹசுமி. அறை சிரிப்பில் குலுங்கியது. ஆனால் ஒவ்வொரு முறை ஒரிகாசா கேள்வி கேட்கும்போதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். இப்போதெல்லாம் ஒருவரும் உடனே "இல்லை" என்று சொல்வதில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அன்று கலையும்போது மழை பிடித்துக்கொண்டது. யொனெமுராவை அவர் மகன் வந்து கூட்டிப்போனான். நான் படிக்கட்டின் கீழே மழை விடக் காத்திருந்தேன். ஒரிகாசா நான் நிற்பதைப் பார்க்கவில்லை. குடையோடு தன் காருக்குப் போனார். டப்பாவைப் பின்னிருக்கையில் வைத்தார். சுற்றி வந்து முன்னால் இடதுபக்கக் கதவைத் திறந்தார். இருக்கையில் கிடந்த துண்டையும் செய்தித்தாளையும் எடுத்துப் பின்னால் போட்டார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, குடையைத் தன் தலைக்கு மேலிருந்து விலக்கி, யாருமில்லாத இடத்தின்மேல் சாய்த்துப் பிடித்தார். ஒரு ஆள் குனிந்து ஏறி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நனைந்துகொண்டே நின்றார். அப்புறம் கதவை மெல்ல, சத்தமில்லாமல் சாத்தினார்.